பிளசருக்குக் கட்டிய பாவாடை

தம்பி,

நேற்று பெரம்பலூரில் துறையூர் ரோட்டு ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஒரு மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மேடேறும்போது கார் முக்குகிறது என்று என் மகன் அங்கே கொண்டுபோயிருந்தான். மெக்கானிக் பானட்டைத் தூக்கி, ஒரு கறுப்பு டப்பாவின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து வட்டமாக ஒரு சாமானை எடுத்துத் தரையில் தட்டினார். பொலபொலவென்று புழுதி கொட்டியது. கிட்டே போய்ப் பார்த்தேன். கெட்டிக் காகிதம். அதைச் சுற்றிலும் மடித்து மடித்து, சின்னப் பிள்ளைக்குப் பாவாடை தைத்த மாதிரி கொசுவம் வைத்திருந்தது.

இது என்ன என்று கேட்டேன். இஞ்சினுக்குள் போகிற காற்றை வடிகட்டும் பில்டர் என்றார். மடிப்பு எதற்கு என்றேன். "மடிச்சாத்தானங்கம்மா இத்தினூண்டு எடத்துல அம்புட்டுக் காயிதம் அடங்கும்? இல்லாட்டி இஞ்சினுக்கு மூச்சு முட்டிப்புடும்" என்றார். லாரி, டிராக்டர் எல்லாவற்றிலும் இப்படி உண்டாம். கம்பெனியே இப்படித்தான் செய்து அனுப்புகிறதாம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். மகன் பயந்துபோய், "ஏம்மா, சுகர் எறங்கிருச்சா?" என்று கலர் சோடா வாங்க ஓடினான். சுகரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நாற்பத்தைந்து வருஷத்துக் கோபமடா அது. போன ஆடியில் நீ போய்ச் சேர்ந்தபோது அழுதேனே தவிர, இதைப் பற்றி மூச்சு விடவில்லை. இன்றைக்குப் பேசிவிடுகிறேன். "விடுக்கா" என்று சொல்லிக் குறுக்கே வர இப்போது உன்னால் முடியாது.

அது இரண்டாவது உலகச் சண்டை நடந்த காலம். நம் ஊரில் பிளசர் கார் வைத்திருந்தவர் மிராசுதார் ஒருவர்தான். நீ அதற்கு டிரைவர். என் வீட்டுக்காரர் அவர் பண்ணையில் ஏர் ஓட்டினார். நான் ஒற்றை ஆளாகப் பாடம் நடத்திய பள்ளிக்கூடம் அவருடைய கொட்டகையில் நடந்தது. நம் இரண்டு பேர் வீடும் அவருடைய மனையில் நின்றன. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? ஆனால் என் மகன் இந்தக் கடிதத்தைப் படித்தாலும் படிப்பான். எங்களுக்கு வாயில்லை என்று அவன் நினைத்துவிடக் கூடாது. வாய் இருந்தது, அதன் மேல் யார் கை இருந்தது என்பதும் அவனுக்குத் தெரியட்டும்.

பெட்ரோலுக்குக் கூப்பன் வந்து, பிறகு கூப்பனுக்கும் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, மிராசுதார் திருச்சியிலிருந்து கரி கேஸ் அடுப்பு ஒன்றை வரவழைத்து வண்டியின் பின்னால் மாட்டினார். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. கரியைக் கொட்டிப் பற்றவைத்து, அதிலிருந்த விசிறியைக் கால் மணி நேரம் கையால் சுற்றினால் கேஸ் கிளம்பி, குழாய் வழியே இஞ்சினுக்குப் போகும். போகிற வழியில் அதோடு வெளிக்காற்றும் கலக்க வேண்டும். அந்தக் காற்று நுழைகிற வாயை முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், அடுப்பு மாட்டிய புண்ணியவான்கள்.

அவர்களுக்கு அரியலூர் ரோட்டைப் பற்றி என்ன தெரியும்? காளவாய்க்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகிற மாட்டுவண்டிகள் நாளெல்லாம் நசுக்கி நசுக்கி, கணுக்கால் ஆழத்துக்கு வெள்ளைப் புழுதி கிடந்த ரோடு அது. வண்டி அதை முகர்ந்துகொண்டே ஓடியது. மூன்றே மாதத்தில் நீலப் புகை கக்கிற்று. திருச்சிக்குக் கொண்டுபோய் இஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் சரிசெய்து வந்தாய். வந்த அன்றே என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அந்த வாய்க்கு நேரே குனிந்து உட்கார்ந்துகொண்டு, "அக்கா, இது காத்தா குடிக்கிது? சுண்ணாம்புல்ல திங்கிது" என்றாய்.

அப்புறம் ஒரு மாதம் என் கொல்லைப்புறம் என் கொல்லைப்புறமாக இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, அந்த மாதத்தின் மேல் எனக்குக் கோபமே கிடையாது. மருதையாற்றில் வெள்ளம் வரும்போது கலங்கல் தண்ணீரைக் குடத்தின் வாயில் துணி கட்டி நான் வடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாய். மறுநாள் ஒரு மண்ணெண்ணெய் டின்னோடு வந்தாய். காற்று வாயைக் கீழேயிருந்து எடுத்து, தகரக் குழாய் ஒன்றை வளைத்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆள் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினாய். குழாய் மூட்டுகளுக்குக் கிழிந்த டியூப் ரப்பர். குழாயின் தலையில் டின். டின்னுக்குள் விளக்கெண்ணெயில் தோய்த்த தேங்காய் நார். என் விளக்கெண்ணெய்! கேட்காமல் எடுத்ததற்கு உன்னை நான் ஏசியது தெரு முழுக்கக் கேட்டது.

டின்னின் வாயில் துணியைச் சப்பையாக இழுத்துக் கட்டி ஓட்டிப் பார்த்தாய். சமதரையில் ஓடியது, மேட்டில் இளைத்து நின்றது. துணியை மெல்லிசாக்கினால் புழுதி உள்ளே போனது, கெட்டியாக்கினால் மூச்சு முட்டியது. நான்கு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்திக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். எரிச்சலில், "ஒரு சாண் வாய்க்குள்ள அஞ்சு மொழத் துணிய அடக்கணும்னா கொசுவம் வச்சுத் தைக்க வேண்டியதுதான? இதுக்கா நாலு நாளு பட்டினி?" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை! எழுந்து வந்து என் கையிலிருந்த பாவாடையை வாங்கி, கொசுவத்தை விரித்தாய், மூடினாய், விரித்தாய். அந்தப் பிள்ளைக்குப் பாவாடை ஒரு வாரம் தாமதமாகத்தான் கிடைத்தது.

என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியில் நான்தான் கொசுவம் பிடித்தேன். மூங்கில் சிம்பு வைத்து, மடிப்பு ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கிற மாதிரி தைத்தது நீ. அதை டின்னின் வாயில் கட்டி அரியலூர் ஸ்டேஷன் போய்த் திரும்பி, குழாயின் உள்பக்கத்தில் வைத்திருந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாய். முன்பெல்லாம் அதில் கோலமாவு மாதிரி சுண்ணாம்பு படிந்திருக்கும். அன்றைக்குத் துவைத்து மடித்தபடியே இருந்தது. மேட்டிலும் வண்டி இளைக்கவில்லை.

ஊர் சிரித்தது. பிளசருக்குப் பாவாடை கட்டிவிட்டான், இனிப் பொட்டு வைத்துப் பூச்சூட்டி மாப்பிள்ளை பார்க்க வேண்டியதுதான் என்று டீக்கடையில் பேசினார்கள். நீயும் சிரித்தாய். மிராசுதாருக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆறு மாதம் ஆகியும் வண்டி திருச்சிக்குப் போகவில்லை என்றதும் பிடித்துப்போயிற்று. உடையார்பாளையத்திலிருந்து வந்த இன்னொரு கார்க்காரரிடம், "நானே யோசிச்சுச் செய்யச் சொன்னேன்" என்று அவர் சொன்னபோது நீ பக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். வீட்டுக்கு வந்து அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதே எனக்கு அந்த ஆளைத் தெரிந்துபோயிற்று. நல்லது நடந்தால் அவர் யோசனை. கெட்டது நடந்தால் யாருடையது?

அதற்கும் நாள் வந்தது. ஆயுத பூஜை.

அவர் பெண்ணுக்கு வரன் பேசி முடிவாகும் சமயம். மறுநாள் காலை ரயிலில் மாப்பிள்ளை வீட்டார் அரியலூரில் இறங்குகிறார்கள். வண்டியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, வாசலுக்குக் கட்ட வாழைக்கன்று வெட்டிவர நீ போயிருந்தாய். திரும்பி வருவதற்குள் மிராசுதார் தன் கையாலேயே வண்டிக்குப் பூஜை முடித்துவிட்டார். விளக்குக்கு ஒரு பொட்டு, சக்கரத்துக்கு ஒரு பொட்டு. வெள்ளை வெளேரென்று கொசுவம் வைத்து நின்ற அந்தத் துணி அவர் கண்ணுக்குச் சாமிக்குக் கட்டிய பரிவட்டமாகவே தெரிந்திருக்க வேண்டும். கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனம் முழுவதையும் அதன் மேல் அப்பி, திருநீற்றுப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலையும் சுற்றிவிட்டார். ஒரு மடிப்பு பாக்கியில்லை.

நீ பதறிப்போய்ச் சொன்னாய். துணி மேல் மட்டும் வேண்டாம், இப்போதே அலசிப் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும் என்று கெஞ்சினாய். ஆயுதத்துக்கு வைத்ததை மறுபூஜைக்கு முன்னால் தொடக்கூடாது என்பது வழக்கம். கத்தரிக்கோலைக்கூட அன்றைக்கு யாரும் தொடமாட்டோம், எனக்கும் தெரியும். ஆனால் மறுநாள் காலையில் மறுபூஜை முடிந்து தேங்காய் உடைத்த பிறகும் நீ கேட்டாயே? அப்போது வழக்கம் குறுக்கே நிற்கவில்லையே? "மங்களமா இருக்கட்டும்டா, அப்படியே எடு வண்டிய" என்றார். ராத்திரியெல்லாம் காய்ந்து சந்தனம் ஓடாக இறுகியிருந்தது.

போகும்போது வண்டியில் நீயும் மிராசுதாரும்தான். இளைத்து இளைத்து எப்படியோ போய்விட்டது. வரும்போது ஐந்து பேர், பெட்டி படுக்கை வேறு. முதல் மேட்டிலேயே நின்றுபோயிற்று. நல்ல வெயில். நீ இறங்கி இதைத் தட்டி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, துணியைக் கழற்றவா என்று கேட்டாய். முதலில் மற்றதையெல்லாம் பார் என்றார் மிராசுதார். அடுப்பில் கரி தள்ளினாய், விசிறி சுற்றினாய், அரை மணி போயிற்று. மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பொறுமை போய், அந்த வழியாக வந்த கல்வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, பட்டு வேட்டியோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். மற்ற இரண்டு பேரும் மிராசுதாரும்கூட ஏறினார்கள். ஊருக்குள் வரும்போது நான்கு பேரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப்போய் வேடிக்கை பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்துச் சிரித்தேன். பின்னால் நீ வருவாய், கதை சொல்வாய் என்று நினைத்துச் சிரித்தேன், பாவி.

அவர்கள் போனதும் நீ யாரையும் கேட்காமல் துணியைக் கழற்றி வண்டிக்குள் போட்டிருக்கிறாய். வண்டி உடனே ஓடியது. அதுதான் உன்னைக் கவிழ்த்தது.

சாயங்காலம் மிராசுதார் வீட்டுக் களத்தில் உன்னை நிறுத்தினார்கள். பண்ணையாட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். நானும் பெண்களோடு ஓரமாக நின்றேன். நீ அந்தத் துணியைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாய். சந்தனம் காய்ந்து மடிப்பெல்லாம் ஒட்டியிருப்பதை விரலால் பிரித்துக் காட்டினாய். குரல் உயரவில்லை. பாடம் சொல்லுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாய். அவர் கேட்டுவிட்டு, "துணிய எடுத்ததும் வண்டி ஓடுச்சில்ல? அப்ப துணிதானடா தப்பு?" என்றார். துணி தப்பில்லை, சந்தனம் அடைத்துக்கொண்டது என்று நீ மறுபடி ஆரம்பித்தாய். அவர் எழுந்துவிட்டார். "சாமிக்கு வச்ச சந்தனம் வண்டிய நிறுத்துமாடா?"

அதற்கு என்ன பதில் சொல்வது? சொன்னால் சாமி குற்றம். சொல்லாவிட்டால் உன் குற்றம். சந்தனத்தைப் பூசிய கை எங்கேயும் இல்லை, அது பேச்சிலேயே வரவில்லை. அந்தக் களத்தில் நின்ற அத்தனை பேரும், "அதானே" என்கிற மாதிரி தலையை ஆட்டினார்கள். ஆறு மாதம் அவர் யோசனையாக இருந்த துணி, ஒரு சாயங்காலத்தில் உன் துணியாகிவிட்டது. என்ன நியாயமடா இது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

மறுநாள் காலை எல்லார் முன்னிலும் "என் வேலை தப்பு" என்று சொல்லி, டின்னையும் குழாயையும் நீயே பிய்த்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வண்டிச் சாவியை வைத்துவிட்டுப் போகலாம் என்றார். போவது என்றால் நீ மட்டும் போவதில்லை. மனை போகும், ஏர் போகும், என் பள்ளிக்கூடமும் போகும்.

நீ சொல்லமாட்டேன் என்றுதான் இருந்தாய். சாவியை மடியிலிருந்து எடுத்து என் வீட்டு மாடத்தில் வைத்துவிட்டாய். திருச்சிக்குப் போய் லாரி ஓட்டுகிறேன், உங்களையும் கூட்டிக்கொள்கிறேன் என்றாய். யார் உன் மனதைக் கலைத்தது? மிராசுதாரா? நான். நான்தான். "நாலு வார்த்தைதானடா? சொல்லிட்டு வந்துரு. வாய் தேஞ்சா போயிரும்?" என்றேன். என் பிள்ளையைத் தூக்கி உன் மடியில் வைத்து, இவனை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டேன். நீ பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டாய்.

காலையில் போய் நின்று, "என் வேலை தப்புங்க எசமான்" என்றாய். நீயே பிய்த்தாய். ரப்பரை அறுத்து, குழாயை நெளித்து, டின்னைக் குப்பைமேட்டில் போட்டாய். கொசுவம் என் யோசனை என்று நான் சொல்லவில்லை. நீயும் என் பெயரை எடுக்கவில்லை. காற்று வாய் மறுபடி சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

அந்த நான்கு வார்த்தைக்கு நமக்குக் கிடைத்தது ஏழு மாதம். சித்திரை முடிவதற்குள் வண்டி நீலப் புகை விட்டது. திருச்சியில் பிரித்துப் பார்த்தவர்கள் சுண்ணாம்பு தின்று தீர்த்துவிட்டது, இனி இந்த இஞ்சினுக்கு உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மிராசுதார் என்ன சொன்னார் தெரியுமல்லவா? நீ முன்பு கை வைத்ததன் வினை என்றார். நீயே உன் வாயால் தப்பு என்று ஒப்புக்கொண்டவன்தானே என்றார். நான் சொல்லச் சொன்ன வார்த்தையைத் திருப்பி உன் மேலேயே எறிந்து உன்னைத் துரத்தினார். பின்னாலேயே மனையும் போயிற்று. எல்லாரும் பெரம்பலூருக்கு வந்தோம். பிழைத்தோமே, சாகவில்லையே! அன்றைக்கே கிளம்பியிருந்தாலும் இதே பிழைப்புத்தானே பிழைத்திருப்போம்? இதை எத்தனை தடவை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருக்கிறேன், உனக்குத் தெரியாது.

முப்பது வருஷம் பஸ் ஓட்டினாய். ஒரு விபத்து கிடையாது, நல்ல டிரைவர் என்று பெயர். ஆனால் அதற்கப்புறம் நீ ஒரு ஸ்குரூவை உன் யோசனையில் திருகிப் பார்த்ததில்லை. வீட்டு மின்விசிறி கடகடவென்று ஆடினால்கூட, "கம்பெனிக்காரன் குடுத்தபடி இருக்கட்டும்" என்று விட்டுவிடுவாய். உன் மகன் ரேடியோவைப் பிரித்தபோது அவனை அடித்தாயே, அன்றைக்கு உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமா? குப்பைமேட்டில் போட்டது டின்னை மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நான்கு நாள் பட்டினி கிடந்து ஒரு துணியை உற்றுப் பார்த்தவனையும் சேர்த்துப் போட்டிருந்தாய். போடச் சொன்னவள் நான்.

அதற்கப்புறம் இருபத்தொன்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தேன். எத்தனையோ பேர் பிள்ளைகளைக் காதைப் பிடித்துக் கூட்டிவந்து, மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள் டீச்சர் என்று நிறுத்தியிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று முழுக்கக் கேட்காமல் ஒரு பிள்ளையையும் தப்பு என்று சொல்லவிட்டதில்லை நான். தலைமையாசிரியரிடம் அதற்காகச் சண்டை போட்டு வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல்கூட வாங்கியிருக்கிறேன். பெரிய வீராங்கனை என்று பேர் வாங்கினேன். வீரம் யாருக்கு வேண்டும்? வேண்டிய அன்றைக்கு அது என்னிடம் இல்லை.

நான் இத்தனை நாள் சுமப்பது களத்தில் நடந்ததை அல்ல. அன்று மத்தியானத்தை. பிய்த்துப் போட்டுவிட்டு நீ என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். கையில் தகரம் கீறிய ரத்தம். இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றினேன். நீ கை வைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே, "அக்கா, நீ சொல்லு. நெசமாவே அது தப்பா?" என்று கேட்டாய்.

ஊர் முன்னால் நீ இதைக் கேட்கவில்லை. என்னிடம் மட்டும்தான் கேட்டாய். வீட்டில் வேறு யாரும் இல்லை. மிராசுதாரும் இல்லை, மனையும் பறிபோகாது, சாமியும் கோபித்துக்கொள்ளாது. மடிப்பு பிடித்தவள் நான், கைக்குட்டையைப் பார்த்தவள் நான். "சோறு ஆறுது, சாப்புடு" என்றேன்.

நீ சாப்பிட்டாய். கை கழுவினாய். வண்டி எடுக்க வேண்டும் என்று போய்விட்டாய். அதற்கப்புறம் நாற்பத்தைந்து வருஷம் ஒரே டவுனில் இருந்தோம். நல்லது கெட்டதற்கெல்லாம் என் கையால் சாப்பிட்டாய். நீ மறுபடி கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. இல்லை தம்பி, தப்பில்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?